ஒத்து வரல

எங்கள் ஆட்களுக்குக் கலர் என்றால் ஒரே ஒரு நிறம்தான். ‘பொண்ணு நல்ல கலர்’ என்றால் வெளுப்பு. சிவப்பு என்றாலும் வெளுப்புதான். மாநிறம் என்றால் கறுப்பு, ஆனால் சொல்பவர் நல்லவர். ‘முகத்துல களை இருக்கு’ என்றால் நல்ல கறுப்பு, சொல்பவர் ரொம்ப ரொம்ப நல்லவர். இந்த அகராதியை நான் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. புதுத்துணி உடுத்திக்கொண்டு வீட்டு ஹாலில் உட்கார்ந்து, பார்க்க வந்தவர்களின் வாயைப் பார்த்துப் படித்தேன். ஆரம்பத்தில் மாநிறமாக இருந்தேன். வயது ஏற ஏறக் களையாகிவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், நிறம் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. பல் செய்யும் லேப் ஒன்றில் பீங்கான் பிரிவில் இருக்கிறேன். யாருக்காவது முன்பல் உடைந்தால் டாக்டர் அளவெடுத்து அனுப்புவார். பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, பிரஷால் படிப்படியாக ஏற்றி, ஃபர்னஸில் சுட்டு, அந்தப் பல்லுக்கு நாங்கள் கேப் செய்து கொடுப்போம். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்து வந்தால்தான் அது பல். இல்லாவிட்டால் வாய்க்குள் ஒட்டவைத்த சட்டைப் பொத்தான். அந்த நிறத்தைக் கண்டுபிடிக்க, சின்னச் சின்னப் பீங்கான் பற்களை வரிசையாகக் கம்பியில் மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்டு ஒரு சாதனம் உண்டு. ஷேடு கைடு என்போம். அது இந்த லேபில் எப்போதும் என் கையில்தான் இருக்கும் என்பதால் என் பெயரே ‘ஷேடு’ ஆகிவிட்டது. சின்னப் பெண்கள் ‘ஷேடக்கா’ என்பார்கள். என் கண்ணை முதலாளி வெளியாட்களிடம் பீற்றிக்கொள்வார். எனக்கும் அதில் கொஞ்சம் திமிர் உண்டு.

என் மேசைக்குப் பின்னால் மெட்டல் பிரிவு. அங்கே இருப்பவர் கம்ப்ரஸர். அவர் சிரிப்பு எங்கள் காற்று மெஷின் மாதிரியே முதலில் குலுங்கும், அப்புறம் இரையும். அதனால் அந்தப் பெயர். உலோக வேலை போக லேபில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எங்கள் ஆள் இல்லை. அவருடைய மக்கள் வேறொரு கண்டத்திலிருந்து வந்தவர்கள். சுருட்டை முடி, அகலமான நெற்றி, என்னைவிடப் பல படி கறுப்பு. எங்களோடு வேலை பார்த்தே தமிழ் பழகினார். எங்களில் சிலரைவிடத் தெளிவாகவே பேசுவார்.

மதியச் சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவோம். எப்படி ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். இவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார், ஏனென்றால் நான் ஏதாவது பொரிந்துகொண்டே இருப்பேன். முதலாளியை, பஸ் கண்டக்டரை, மாடி வீட்டுக்காரியை, யாரையும் விடமாட்டேன். அப்படித்தான் ஒருநாள் இந்தக் கலர் விவகாரமும் வந்தது. அவர் அப்பாவியாக, “அப்படின்னா நான்தானே இங்க எல்லாரையும் விட நல்ல கலர்?” என்று கேட்டார். எனக்குச் சாப்பாடு புரையேறிவிட்டது. எங்கள் அகராதியை விளக்கிச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, உங்கள் ஆட்களுக்கு ஷேடு கைடில் ஒரே ஒரு பல் போதுமே என்றார். பிறகு கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்து, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஒரு குடும்பம் வந்தது. நன்றாகச் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என் மருமகள் என்றே பேசினாள். மறுநாள் தரகர் வந்து, பையனுக்கு மனசுக்கு ஒத்து வரலையாம் என்றார். எங்கம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்ப்ரஸருக்கு அந்த வார்த்தை விளங்கவில்லை. யாருடைய மனசு, எதோடு ஒத்து வரவில்லை என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

“மனசும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பொண்ணு கறுப்புன்னு அர்த்தம். நேரா சொன்னா அவங்க கெட்டவங்களாயிடுவாங்க இல்ல, அதான் பழியைத் தூக்கி மனசு மேல போடறாங்க.”

அவர் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அது எங்கள் இருவருக்குமான கேலியாகிவிட்டது. டாக்டரிடமிருந்து ஏதாவது கேப் திரும்பி வந்தால், “என்னங்க ஷேடு, பல்லுக்கு மனசுக்கு ஒத்து வரலையாமே” என்பார். நான் பிரஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பேன். அந்த வார்த்தையில் இருந்த விஷத்தை எனக்காக அவர் எடுத்துப்போட்ட மாதிரி இருந்தது.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் எல்லாரும் போய்விட்டார்கள். ஃபர்னஸ் சூடு தணியும்வரை நான் காத்திருந்தேன். கம்ப்ரஸரும் கிளம்பாமல் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு வந்து என் மேசைக்கு எதிரே நின்றார்.

“தினமும் சேர்ந்துதானே சாப்பிடறோம். ஒருநாள் லேபுக்கு வெளியிலயும் சாப்பிட்டுப் பார்க்கலாமா? ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தா மேற்கொண்டு பேசலாம்” என்றார்.

அந்த நேரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் முகம் ஓடவில்லை. அவர் குணம் ஓடவில்லை. பிறக்கப்போகும் குழந்தை ஓடியது. இன்னும் ஒரு வேளை வெளியில் சாப்பிடக்கூட இல்லை, அதற்குள் பிறக்காத குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஐயோ, இதன் கறுப்பைப் பார் என்று நினைத்துவிட்டேன். அடுத்ததாக எங்கள் சித்தப்பா வீட்டு ஆட்கள் வாசலில் நின்று எங்களைப் பார்ப்பதுபோல ஒரு காட்சி. அவ்வளவுதான். வாய் தானாகத் திறந்தது.

“உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை இருக்கு. நீங்க நல்லவர். ஆனா எனக்கு அது... மனசுக்கு ஒத்து வரல.”

அவர் என்னையே பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். “சரிங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபர்னஸ் சுவிட்சை அணைத்தார். குடை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

வீட்டுக்குப் போய் இதை அம்மாவிடம் வேடிக்கைக் கதை மாதிரி சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்காக எத்தனையோ முறை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவள் அவள். யாரு, அந்த மெஷின் எல்லாம் ரிப்பேர் பண்ணுவாரே அவரா என்று கேட்டாள். அவர்தான் என்றேன். கையில் இருந்த துணியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“நம்மள விடக் கறுப்பா?”

“ஆமாம்மா” என்றேன். நல்லவேளை வேண்டாம்னு சொன்னே என்று அடுத்த துணியை எடுத்தாள். நான் சிரித்தேன். 

மறுநாளிலிருந்து அவர் தன் மேசையிலேயே சாப்பிட்டார். முறைத்துக்கொள்ளவில்லை. வணக்கம் சொன்னார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஜன்னலோரம் மட்டும் வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். மனுஷிக்குப் பிடித்தது பிடிக்காதது என்று இருக்கக்கூடாதா? எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, அதனால் கத்தரிக்காய் மேல் எனக்குத் துவேஷம் என்று ஆகுமா? கேட்டவரையெல்லாம் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சட்டமா? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கத்தரிக்காயோடு நான் தினமும் உட்கார்ந்து சிரித்ததில்லை. அது லீவு போட்ட நாளில் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்ததும் இல்லை. பிடிக்கவில்லை என்று நான் சொன்னது பச்சைப் பொய்.

இதில் இன்னொன்றும் உண்டு. போன வருஷம் தங்கச்சி என் போனில் ஒரு ஜோடி தேடும் ஆப் போட்டுக் கொடுத்தாள். எந்த இனத்து ஆண்களைக் காட்டட்டும் என்று அது கேட்டது. கம்ப்ரஸருடைய மக்களுக்கு நேரே இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். அரிசியில் கல் பொறுக்குவது போல, பேசிக்கொண்டே எடுத்தேன். மறுநாள் மதியம் அவரோடு உட்கார்ந்து, உலகத்தில் யாருக்கும் மனுஷனை மனுஷனாகப் பார்க்கத் தெரியவில்லை என்று வழக்கம்போல் பொரிந்தேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அவருக்குப் பல் உடைந்தது. அவருடைய மேசை டிராயர் எப்போதும் சிக்கிக்கொள்ளும். ஊர் மெஷினையெல்லாம் சரிசெய்பவர் தன் டிராயரைச் சரிசெய்ததில்லை. அன்றைக்கு ஏதோ வேகத்தில் இழுத்திருக்கிறார். கைப்பிடி கழன்று நேராக வாயில் அடித்தது. முன்பல் பாதி போய்விட்டது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்டரம்மா மீதியை இழைத்து அளவெடுத்து அனுப்பினார். நம்ம ஆளுக்கு நம்ம செலவு, நீயே கேப் செய்துகொடு என்று முதலாளி என்னிடம் சொன்னார்.

நிறம் பார்க்க முறை உண்டு. ஆளை ஜன்னலோரம் உட்காரவைக்க வேண்டும். சாயம் பூசிய உதடோ, பளிச்சென்ற சட்டையோ இருந்தால் சாம்பல் துணியால் மறைக்க வேண்டும். பல்லை ஈரமாக்கி, கைடைப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் கறுத்த முகமென்றால் உதட்டைச் சுற்றிக் கண்டிப்பாக மறைக்க வேண்டும். முகத்தின் கறுப்பு, பல்லை உள்ளதைவிட வெள்ளையாகக் காட்டும். புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. முகத்தைப் பார்க்காதே, பல்லைப் பார் என்று மண்டையில் தட்டிச் சொல்வேன்.

ஆனால் அன்றைக்கு அவர் பக்கத்தில் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. மூச்சுப் படும் தூரத்தில் அவரோடு எப்படி உட்காருவது? என் மேசையிலிருந்தே, கொஞ்சம் இப்படித் திரும்பிப் பல்லைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார். கறுத்த உதடுகளுக்கு நடுவில் பற்கள் பளிச்சென்று இருந்தன. ‘பி-ஒன்’ என்று எழுதிக்கொண்டேன். எங்கள் கைடில் மிக வெள்ளையான பற்களில் ஒன்று அது. எழுதியபடியே கேப் செய்து, சுட்டு, மெருகேற்றி அனுப்பிவிட்டேன். என் கைவேலையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மறுநாள் டாக்டரம்மா போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஷேடு கொஞ்சமும் ஒத்து வரல, புதுசு வர்ற வரைக்கும் ஆளு ஓட்டைப் பல்லோட இருக்க வேண்டாம்னு தற்காலிகமா ஒட்டி அனுப்பியிருக்கேன் என்றார். கம்ப்ரஸர் உள்ளே வந்தார். வாயைத் திறந்தபோது அந்த ஒரு பல் மட்டும் தனியாக வெள்ளையடித்த மாதிரி நின்றது. அச்சு வார்க்கும் பையன்களில் ஒருவன், அண்ணன் சிரிச்சா போதும், லேபுக்குக் கரண்ட் மிச்சம் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கம்ப்ரஸரும் சிரித்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். குலுங்கல் வந்தது, இரைச்சல் வரவில்லை. அந்தச் சிரிப்பை நான்தான் கெடுத்தேன்.

டாக்டரம்மா அனுப்பியிருந்த கேப்பின் படத்தை முதலாளி போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இது உன் கைதானா ஷேடு, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேலே பார்த்தேன். டியூப்லைட் சரியில்லை, நீலம் பாய்ந்து எரிகிறது, அதனால் நிறம் ஏமாற்றிவிட்டது என்றேன். கூசாமல் சொன்னேன். முதலாளி நம்பினார். என் கண் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் காலையில் நான் வந்தபோது கம்ப்ரஸர் என் மேசைக்கு மேலே ஏணி போட்டு நின்றுகொண்டு புது டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்தார். பழையதைக் கீழே இறக்கி, துணியால் துடைத்து, சுவரோரம் சாய்த்து வைத்தார். அது நன்றாக இருந்த டியூப். அது அவருக்கும் தெரியும். இந்த லேபில் எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? 

ஏணியை மடித்து வைத்துவிட்டு, ஸ்டூலை ஜன்னலோரம் போட்டு, அதில் உட்கார்ந்தார். நாங்கள் சாப்பிட உட்காரும் அதே ஜன்னல். வரும் வழியிலேயே டாக்டரம்மாவிடம் சொல்லிக் கேப்பைக் கழற்றி வாங்கியிருந்தார். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்.

“இப்பப் பாருங்க” என்றார்.

சாம்பல் துணியை எடுத்தேன். உதட்டைச் சுற்றி மறைத்தேன்.  உடைந்ததற்குப் பக்கத்துப் பல்லை ஈரப்பஞ்சால் தொட்டேன். கைடை அருகே கொண்டுபோனேன். பி-ஒன்னை வைத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. ஒன்றொன்றாக நகர்ந்தேன். ஏ-த்ரீ வந்ததும் பல்லுக்கும் பீங்கானுக்கும் நடுவில் இருந்த கோடு மறைந்துபோனது. ஏ-த்ரீ என்றால் எங்கள் லேபில் எப்போதும் முதலில் தீர்ந்துபோகிற மாவு பாட்டில். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான். லேசான மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு, ரொம்பச் சாதாரணமான பல். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து அவர் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள்கூட அந்தப் பல்லைப் பார்த்ததில்லை.

“ஏ-த்ரீ” என்றேன்.

அவர் துணியை விலக்கினார். “லைட் மேல தப்பு இல்ல, இல்லையா?”

“இல்ல.”

 உடைந்த பல்லில் காற்றுப் பட்டு வார்த்தைகள் லேசாகச் சீறின. நிதானமாகவே பேசினார். “அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. அதுக்கு அர்த்தம் எனக்கு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க.”

எந்த வார்த்தை என்று நான் உண்மையாகவே யோசித்தேன். மரியாதை என்றேனே, அதுவா? நல்லவர் என்றேனே, அதுவா? அப்புறம்தான் அது என் காதில் விழுந்தது. நான் சொன்னபோது விழாதது, என் குரலிலேயே, இப்போது விழுந்தது. மனசுக்கு ஒத்து வரல. தரகர் எங்கள் வாசலில் நின்று சொன்னது. அம்மாவைச் சமையலறைக்குள் அனுப்பியது. இதே ஜன்னலில் உட்கார்ந்து, மண்ணாங்கட்டி என்று நான் உடைத்துக் காட்டியது. அதை எடுத்து அவர் முகத்திலேயே வீசியிருக்கிறேன், அதுவும் தெரியாமல். ஒரு சொல் விடாமல், அந்தக் குரலின் இழுப்புகூட மாறாமல். அவமானத்தில் காது மடல் வரைக்கும் எரிந்தது. தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. “பிடிக்கலன்னா பிடிக்கல. அதுக்கு நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனா நீங்க சொன்னது நிஜமாவே உங்க மனசா, இல்ல அந்த வார்த்தைதானா? அது ஒண்ணுதான் தெரியல. அதை மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் நான் கேட்க மாட்டேன்.”

மனசுதான் என்று சொல்லியிருக்கலாம். என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் தப்பித்தார்கள். அவரும் சரிங்க என்றிருப்பார். நான் நல்லவளாகவே வீட்டுக்குப் போயிருப்பேன். என்னிடம் ஒருவரும் இப்படி நேராகக் கேட்டதில்லை. நானும் அவர்கள் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருவராவது உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பவள் நான்.

“அந்த வார்த்தைதான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை. சந்தேகம் தீர்ந்த முகம், அவ்வளவுதான். இனி ஜன்னலோரம் சாப்பிட வரமாட்டார் என்று அந்த முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் சாம்பல் துணியைத் தானே எடுத்து உதட்டைச் சுற்றி வைத்துக்கொண்டார்.

“பல்லப் பாருங்க. ஒரு தடவை பார்த்தா போதாது, ரெண்டாவது தடவை பார்த்துத்தான் எழுதணும்னு சொல்லுவீங்களே” என்று துணிக்குள்ளிருந்து சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

கைடைத் தூக்கிப் பிடித்தேன். கண் நிறைந்துவிட்டது. ஏ-த்ரீயும் தெரியவில்லை, பி-ஒன்னும் தெரியவில்லை. கொஞ்சம் இருங்க என்றேன். அவர் வாயைத் திறந்தபடியே காத்துக்கொண்டிருந்தார்.